கஷ்டகாலத்தில விசுவாசத்தில ஊண்டி நிக்கிறது எப்பிடி: புதுசா வாற ஆக்களுக்கு

கடன், வருத்தம், செத்தவீடு, வேலை போச்சு, வெளிநாட்டுக்குப் போன பிள்ளையிட்ட இருந்து போன் இல்லை, இப்பிடி ஏதோ ஒண்டில அடிபட்டுப்போய் "சேர்ச்சுக்குப் போனா மனசு ஆறுமாம், ஆனா எங்க துவங்கிறது, என்னெண்டு சொல்லிக் கும்பிடுறது" எண்டு கேக்கிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். பிறந்தவுடன ஞானஸ்நானம் எடுத்துப்போட்டு நத்தாருக்கும் ஈஸ்ரருக்கும் மட்டும் கோயில் வாசலைக் காணுற ஆக்களும் வாசிக்கலாம், அவையும் ஒரு வகையில புதுசுதான். நான் உடுவில் பக்கத்து சீஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கலியாணம் கட்டினது குருநகர் கத்தோலிக்க வீட்டில, அதால ரெண்டு பக்கமும் பழக்கம், ரெண்டு பக்கத்துக் குறையும் தெரியும். குருமடத்தில படிச்ச ஆள் இல்லை, அதால பெரிய தத்துவம் எல்லாம் இதில வராது, என்ன செய்யிறது எண்டதுதான் வரும்.

எதை எதிர்பாக்கிறது, எதை எதிர்பாக்கக் கூடாது

இதைத்தான் முதல்ல வடிவா விளங்கிக்கொள்ள வேணும், இல்லாட்டி மூண்டாம் மாசத்தில "நானும் ஜெபிச்சுப் பாத்தன், ஒண்டும் நடக்கேல்ல" எண்டு விட்டுட்டுப் போயிடுவியள். விசுவாசம் வந்தா கஷ்டம் வராது எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ. அதை யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ஆரும் சொல்லவே ஏலாது. 1995 ஜூலை 9ம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில விமானப்படை போட்ட குண்டு விழுந்தது. ஷெல்லடிக்குப் பயந்து வீட்டை விட்டிட்டு, கோயிலெண்டா அடிக்கமாட்டாங்கள் எண்டு நம்பி அங்க வந்து இருந்த சனம், நூறு பேருக்கு மேல செத்தது. அவைக்கு விசுவாசம் காணாமப் போனதாலயே செத்தவை? அப்பிடிச் சொல்லுறவன்ர வாயில தண்ணி ஊத்தக் கூடாது. அந்தக் கோயிலில இண்டைக்கும் பூசை நடக்குது, வருசா வருசம் ஜூலை 9ல செத்த ஆக்களை நினைச்சுக் கூடுகினம். அந்தச் சனம் பிறகும் ஏன் அங்க போகுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, நான் சொல்ல வாறது அதுக்குள்ள இருக்கு.

வேதத்தில இதுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு, அப்போஸ்தலர் 27ம் அதிகாரம். குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் கடல் தெரிஞ்ச ஆக்களுக்கு அதை வாசிச்சா மயிர் கூச்செறியும். இயேசுவைப் பற்றிப் போதிச்ச பவுலைக் கைதியா ரோமுக்குக் கொண்டுபோற கப்பல், 276 பேர் அதில. புயலில மாட்டி கனநாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, எங்க நிக்கிறம் எண்டே தெரியாது. சாமானெல்லாம் தூக்கிக் கடலில போட்டாச்சு. அப்ப பவுல் எழும்பிச் சொல்லுறார், உங்களில ஒருத்தன்ர உயிருக்கும் சேதம் வராது, கப்பலுக்குத்தான் சேதம் வரும் எண்டு. அதைக் கவனியுங்கோ. கடவுள் குடுத்த வாக்கு ஆக்களுக்கு, கப்பலுக்கு இல்லை. பதினாலாம் நாள் இரவில கரை கிட்டுற மாதிரித் தெரிய ஈயக்குண்டு விட்டு ஆழம் பாக்கினம், முதல்ல இருபது பாகம், பிறகு பதினைஞ்சு, பாறையில மோதிப்போடும் எண்ட பயத்தில பின்னணியத்தில இருந்து நாலு நங்கூரத்தைப் போட்டிட்டு, எப்ப விடியும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கினம். அந்த இருட்டில பவுல் பாணை எடுத்து, எல்லாருக்கும் முன்னால கடவுளுக்கு நன்றி சொல்லிப் பிச்சுத் தின்னுறார், அதைப் பாத்து மற்றாக்களும் சாப்பிடத் துவங்கினம். விடிஞ்சாப்பிறகு கப்பல் மணல் திட்டியில தட்டி பின்பக்கம் உடைஞ்சு போகுது. நீந்தத் தெரிஞ்சவன் நீந்தி, தெரியாதவன் பலகையிலயும் உடைஞ்ச துண்டிலயும் பிடிச்சு, எல்லாரும் கரை சேருகினம்.

உங்கட கப்பல் உங்கட வேலையா இருக்கலாம், கடையா இருக்கலாம், கனடாவுக்கு எண்டு குடுத்த காசா இருக்கலாம். அது போகாது எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள் கரை சேருறதைப் பற்றித்தான் மிச்சக் கதை.

இண்டைக்கு இரவே துவங்கிறது

ஞாயிற்றுக்கிழமை வரட்டும், புது வேதப்புத்தகம் வாங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. படுக்கிறதுக்கு முதல் ஒரு ஐஞ்சு நிமிசம் போனைத் தள்ளி வச்சிட்டு இருங்கோ. முழந்தாளில நிக்க ஏலுமெண்டா நில்லுங்கோ, நாரி நோவெண்டா கதிரையில இருங்கோ, அதுக்கு ஒருத்தரும் புள்ளி போடுறதில்லை. பிறகு நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்கோ. "ஆண்டவரே, லீசிங்காரன் நாளைக்கு வருவான், என்னட்ட காசில்லை, எனக்குப் பயமா இருக்கு." இது முழு ஜெபம். "பரலோகத்தில் வீற்றிருக்கிற சர்வவல்லமையுள்ள" எண்டு துவங்கினாத்தான் கேக்கும் எண்டில்லை, பாஸ்டர்மார் அப்பிடிச் சொல்லுறது அவையின்ர பழக்கம்.

கோவம் இருந்தா கோவத்தையும் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் கனபேர் இதில பிழை விடுகினம், கடவுளோட கோவிச்சா பாவம் எண்டு நினைச்சு வாயை மூடிக்கொண்டு இருந்து, பேந்து மனசுக்குள்ள அழுகிப்போகுது. சங்கீதம் 13ஐ எடுத்துப் பாருங்கோ, ஆறே ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" எண்டுதான் துவங்குது. அதை எழுதினவனைக் கடவுள் தள்ளேல்ல, வேதப்புத்தகத்துக்குள்ள எடுத்து வச்சிருக்கு. இயேசு சிலுவையில கத்தினதும் சங்கீதம் 22ன்ர முதல் வசனம்தான், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". சீடர்மாரும் படகில தண்ணி ஏறேக்க நித்திரையில இருந்த இயேசுவை எழுப்பி, நாங்கள் மடிஞ்சுபோறது உமக்குக் கவலை இல்லையோ எண்டுதான் கேட்டவை. மரியாதையாக் கேக்கேல்ல, ஆனா கேட்டவை.

சொல்ல ஒண்டும் வரேல்லையெண்டா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" எண்ட வசனத்தைச் சொல்லிப்போட்டுப் படுங்கோ. மாற்கு 9ல வலிப்பு வாற பிள்ளையின்ர தகப்பன் சொன்னது. அரைகுறை நம்பிக்கையோட வந்த ஆள்தான், பிள்ளை சுகமானது.

அடுத்த நாள் காலமை ஒரு கொப்பித் தாள்

இதை ஆரும் ஜெபக்கூட்டத்தில சொல்லித் தர மாட்டினம், ஆனா எனக்கு இது பெரிய உதவி. ஒரு தாளை எடுத்து நடுவில கோடு போட்டு, ஒரு பக்கத்தில "இண்டைக்கு நான் செய்யக்கூடியது", மற்றப் பக்கத்தில "என்ர கையில இல்லாதது" எண்டு எழுதுங்கோ. லீசிங் ஒஃபிசுக்குப் போன் எடுத்துத் தவணை கேக்கிறது முதல் பக்கம். அவன் ஓமெண்டுவானோ இல்லையோ, ரெண்டாம் பக்கம். ஜீஎஸ்ஸிட்ட கடிதம் வாங்கிறது, கிளினிக் நம்பர் எடுக்கிறது, தமையனிட்ட உண்மையைச் சொல்லுறது, இதெல்லாம் முதல் பக்கம். ஸ்கான் ரிப்போட்டில என்ன வரும் எண்டது ரெண்டாம் பக்கம். ரெண்டாம் பக்கத்தை இரவு ஜெபத்தில வாசிச்சுக் குடுத்திட வேணும், முதல் பக்கத்தைப் பகல் செய்து முடிக்க வேணும். எங்கட ஆக்கள் செய்யிறது தலைகீழ், செய்யக்கூடியதுக்கு ஜெபம், செய்ய ஏலாததுக்கு இரவிரவா யோசினை. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" எண்டு மத்தேயு 6ல இயேசு சொன்னது இண்டைக்குப் பாடே இல்லை எண்டு சொல்லுறதுக்கு இல்லை, இருக்கு, ஆனா இண்டையான் பாட்டை மட்டும் தூக்கு எண்டு சொல்லுறதுக்கு.

எதை வாசிக்கிறது

ஆதியாகமத்தில துவங்கிப் போய் லேவியராகமத்தில நிண்ட ஆக்கள் யாழ்ப்பாணம் முழுக்க இருக்கினம். மாற்குவில துவங்குங்கோ, பதினாறு அதிகாரம், சின்னது, ஓட்டமா ஓடும். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் காணும், ரெண்டு கிழமையிலயும் கொஞ்சத்திலயும் முடிஞ்சிடும். அதோட இரவில ஒரு சங்கீதம். முடிய அப்போஸ்தலர், அதில மேல சொன்ன 27க்கு வந்து சேருவியள்.

புத்தகம் வாங்கேக்க ஒண்டு. சீஎஸ்ஐ, மெதடிஸ்த, பெந்தெகொஸ்தேக்காரர் வச்சிருக்கிற பழைய பரிசுத்த வேதாகமம் ஒண்டு, கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியம் இன்னொண்டு. பழையதில சங்கீதம் எண்டு இருக்கிறது மற்றதில திருப்பாடல்கள், அப்போஸ்தலர் எண்டது திருத்தூதர் பணிகள், பேரைப் பாத்துத் தலையைச் சொறியாதேங்கோ. எனக்குச் சின்னனில இருந்து காதில ஏறினது பழையதுதான், அதின்ர தமிழ் வாயில உருளுற மாதிரி மற்றது உருளாது, ஆனா புதுசா வாசிக்கிற ஆளுக்குத் திருவிவிலியம் கெதியா விளங்கும். போனிலயும் ரெண்டும் இருக்கு, காசில்லாமல். எண்டாலும் இரவில கடதாசிப் புத்தகம்தான் நல்லம், போனில வசனம் தேடப் போனவன் ரிக்ரொக்கில போய் நிப்பான்.

வாசிச்சதில ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணுங்கோ, கிழமைக்கு ஒண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில இருக்கேக்க, செத்தவீட்டில நிக்கேக்க, புத்தகம் திறந்து தேடிக்கொண்டு இருக்க ஏலாது, உள்ளுக்க இருக்கிறதுதான் வெளிய வரும். எங்கட அம்மம்மாவுக்கு சங்கீதம் 121, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்". யாழ்ப்பாணத்தில மலையெண்டு சொல்ல ஒரு மேடு கூட இல்லை, ஆனா எங்கட ஆக்களுக்கு 121 எண்டா உயிர். அவவின்ர வேதப்புத்தகம் இப்ப என்னட்ட இருக்கு. முன் மட்டைக்கு உள்பக்கம் வீட்டில பிறந்த ஆக்களின்ர பேரும் திகதியும் நீல மையில, சில பேருக்குப் பக்கத்தில செத்த திகதி வேற ஆரோவின்ர எழுத்தில. 95 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வில, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா போகேக்க ஷொப்பிங் பாக்கில சுத்தி நெஞ்சில வச்சுக்கொண்டு போனவவாம், எண்டாலும் தண்ணி போய் அடிப்பக்கப் பேர் ரெண்டும் ஊறிப் பரவி நீலக் கறையா நிக்குது. அதுக்குக் கீழ பென்சிலால "இடம்பெயர்வு, 121" எண்டு மட்டும் எழுதியிருக்கிறா.

சாப்பாடு, நித்திரை, டொக்டர்

இதை வேணுமெண்டுதான் ஜெபத்துக்கும் கோயிலுக்கும் நடுவில வைக்கிறன். 1 இராஜாக்கள் 19ல எலியா தீர்க்கதரிசி, முதல் நாள் கர்மேல் மலையில நெருப்பு இறக்கின ஆள், அடுத்ததில ஒரு பொம்பிளையின்ர மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழ இருந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" எண்டு சொல்லுறார். சாகவேணும் எண்டுதான் கேக்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கேல்ல. உனக்கு விசுவாசம் காணாது எண்டும் சொல்லேல்ல. நித்திரை கொள்ள விட்டு, தூதன் வந்து தட்டி எழுப்பி, தணலில சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணியும் குடுத்து, திரும்ப நித்திரை கொள்ள விட்டு, திரும்ப எழுப்பிச் சாப்பிடக் குடுத்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" எண்டு சொல்லுறான். கதைக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

அதால ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தா உபவாசம் எண்டு பேர் வைக்காதேங்கோ, சாப்பிடுங்கோ. ரெண்டு மூண்டு கிழமையா நித்திரை இல்லை, அழுகை நிக்குதில்லை, செத்தாப் பரவாயில்லை எண்டு யோசினை வருது எண்டா அது விசுவாசக் குறைவு இல்லை, வருத்தம். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட நம்பருக்கு அடிச்சா தேசிய மனநல உதவி இணைப்பு, எந்த நேரமும் அடிக்கலாம். குளிசை தந்தா குடியுங்கோ. "ஜெபம் பண்ணியாச்சு, இனி மருந்து வேண்டாம்" எண்டு ஒருத்தர் சொன்னா, அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும் அந்த விசயத்தில அவற்ற கதையைக் கேக்காதேங்கோ, சீனி வருத்தமோ பிரஷரோ மனவருத்தமோ எதெண்டாலும் சரி. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிசனறிமார் 1816ல வந்தவை, அவையே வேதத்தோட ஆஸ்பத்திரியும் கொண்டுவந்தவை. 1847ல வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில இருந்துகொண்டு எங்கட பெடியளுக்கு வைத்தியம் படிப்பிச்சு, அதைத் தமிழிலயே படிப்பிக்கிறதுக்காக வைத்தியப் புத்தகங்களைத் தமிழுக்கு மாத்தினவர். அவர் ஜெபிக்காத ஆளோ?

ஆக்களைத் தேடிப் போறது

தனிய நிண்டு ஊண்டி நிக்க ஏலாது. ரீவியில ஆராதனை பாக்கிறது, வட்ஸ்அப் குறூப்பில வாற வசனப் படத்துக்கு ஆமென் போடுறது, இதெல்லாம் ஒண்டும் இல்லாததுக்கு நல்லம், ஆனா நீங்கள் ரெண்டு கிழமை காணாமல் போனா அந்தக் குறூப்புக்குத் தெரியப் போறதில்லை. உங்களைக் காணேல்லையெண்டு ஆரோ ஒராள் கேற்றைத் தட்டுற இடம் வேணும்.

எந்தக் கோயில் எண்டு கேட்டா, நடந்து போகக்கூடியது எண்டுதான் நான் சொல்லுவன். பஸ் பிடிச்சுப் போற இடத்துக்கு மழை பெய்யேக்க போகமாட்டியள். கத்தோலிக்கப் பூசைக்குப் போறதெண்டா பத்து நிமிசம் முந்திப் போய்ப் பின் வாங்கிலில இருங்கோ, மற்றாக்கள் எழும்பேக்க எழும்பி இருக்கேக்க இருந்தாச் சரி. வாசலில செருப்புகள் கழட்டி இருந்தா நீங்களும் கழட்டுங்கோ. நற்கருணை (பூசையில குடுக்கிற அப்பம்) குடுக்கேக்க வரிசையில போகவேண்டாம், அது ஞானஸ்நானம் எடுத்துத் தயாரான கத்தோலிக்கருக்கு, நீங்கள் இருந்த இடத்தில இருந்து ஜெபிக்கலாம், ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம். சீஎஸ்ஐயிலயும் மெதடிஸ்தக் கோயிலிலயும் ஆராதனைப் புத்தகம் ஒண்டும் பாட்டுப் புத்தகம் ஒண்டும் கையில தருவினம், எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டிப் பக்கத்தில இருக்கிற அன்ரியிட்டக் கேளுங்கோ, அவ காட்டித் தாறதோட நிக்காமல் எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டும் கேப்பா, அதுக்கும் ஆயத்தமாப் போங்கோ. பெந்தெகொஸ்தே சபையெண்டா சத்தம் கூட, கைதட்டு, ட்ரம்ஸ், அழுகை எல்லாம் இருக்கும், சில பேருக்கு அது நெஞ்சைத் திறந்துவிடும், சில பேருக்குத் தலையிடி. உங்களுக்கு எது எண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும். காணிக்கைப் பை வரேக்க காசில்லாட்டிப் போடவேண்டாம்.

கத்தோலிக்கக் குருவை ஃபாதர் எண்டு கூப்பிடலாம், வயசான ஆக்கள் சுவாமி எண்டுவினம். சீஎஸ்ஐ போதகரை ஐயா எண்டாச் சரி. முடிஞ்சவுடன ஓடிவராமல் வாசலில நிக்கிறவரிட்டப் போய், "நான் புதுசு, ஒருக்காக் கதைக்க வேணும், எப்ப வரலாம்" எண்டு கேளுங்கோ. அங்க நிண்ட நிலையில எல்லாத்தையும் கொட்டாதேங்கோ, பின்னால பத்துப் பேர் வரிசையில நிப்பினம்.

உண்மையைச் சொல்லப்போனா ஞாயிறு ஆராதனையை விட வீட்டு ஜெபக்கூட்டம்தான் புது ஆளைப் பிடிச்சு நிப்பாட்டும். கத்தோலிக்கருக்குச் செபமாலை, சில இடத்தில அன்பியக் கூட்டம், அதாவது பக்கத்து வீட்டு ஆக்கள் சேருற சின்னக் கூட்டம். பின்னேரம் ஒரு வீட்டு விறாந்தையில பாய் விரிச்சு, பத்துப் பன்ரெண்டு பேர், ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு ஆருக்கு என்ன பாடு எண்டு ஒவ்வொருத்தரும் சொல்லுவினம், கரண்ட் போனாலும் நிக்காது, ஆரோ போன் லைட்டைப் பிடிப்பினம், முடிய ரீயும் ரெண்டு பகோடாவும். அங்க உங்கட பேரைச் சொல்லி உங்களுக்காக ஒராள் ஜெபிக்கிறதை முதல்தரம் கேக்கேக்க தொண்டை அடைக்கும், அது எல்லாருக்கும் நடக்கிறதுதான், வெக்கப்படாதேங்கோ.

இந்த வீட்டுச் செபம் யாழ்ப்பாணத்தில சும்மா வந்த பழக்கம் இல்லை. ஒல்லாந்தர் 1658ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சாப்பிறகு கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1687ல கோவாவில இருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலிக்காரன் மாதிரி வேசத்தில வந்து இறங்கும் வரைக்கும், கிட்டத்தட்ட முப்பது வருசம், பூசை வைக்க ஆள் இல்லை. அவர் வரேக்க வயித்தோட்டத்தில சாகக் கிடந்தவர், பிறகு கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரன் மாதிரி வீடு வீடாப் போய், அதைக் கண்டு ஆற்ற முகம் மாறுது எண்டு பாத்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடிச்சவராம். சில்லாலைச் சனம் அவரை ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினது. 2015 ஜனவரி 14ல பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில அவரைப் புனிதராக்கினதைப் பாத்திருப்பியள். அவர் பெரிய ஆள்தான், ஆனா எனக்கு அதை விடப் பெருசு அந்த முப்பது வருசம். குருவும் இல்லை, கோயிலும் இல்லை, ஆராவது ஒரு தாய் விளக்கைக் கொளுத்தி வச்சுப் பிள்ளையளுக்கு அருள் நிறைந்த மரியே சொல்லிக் குடுத்திருக்காட்டி, செபமாலையைக் கண்டு முகம் மாற ஆள் இருந்திராது.

ஒண்டும் உணராத காலம்

வரும். நாலு மாசமோ எட்டு மாசமோ கழிச்சு, ஜெபிச்சாச் சுவரோட கதைக்கிற மாதிரி இருக்கும், பாட்டுக் கேட்டா முந்தி வந்த கண்ணீர் வராது. பிழைச்சுப்போச்சு எண்டு நினைக்க வேண்டாம், பழைய விசுவாசிகளைக் கேட்டுப் பாருங்கோ, எல்லாரும் ஓமெண்டுவினம். அப்ப செய்யவேண்டியது, செய்துகொண்டு இருந்ததையே கொஞ்சம் சுருக்கிச் செய்யிறது. ஐஞ்சு நிமிசம் ஏலாட்டி ஒரு நிமிசம், சொந்தமாச் சொல்ல ஏலாட்டி இயேசு படிப்பிச்ச கர்த்தர் ஜெபம், அதுவும் ஏலாட்டிப் போய் வாங்கிலில இருந்திட்டு வாங்கோ, மற்றாக்கள் பாடுவினம். சங்கீதம் 88 எண்டு ஒண்டு இருக்கு, அழுகிற மற்றச் சங்கீதங்களில கனக்க கடைசியில துதியில முடியும், இது கடைசி வசனம் மட்டும் புலம்பல்தான், தெரிஞ்ச ஆக்களெல்லாம் தூரப் போயிட்டினம் எண்டு சொல்லி அப்பிடியே நிக்குது. அந்த நாளையில வாசிக்கிறதுக்குத்தான் அது.

அதோட, உங்களை விடக் கஷ்டத்தில இருக்கிற ஒராளைப் போய்ப் பாருங்கோ. புத்திமதி சொல்லப் போகாதேங்கோ. வேதத்தில எல்லாத்தையும் இழந்த யோபுவின்ர சிநேகிதர் ஏழு நாள் ஒண்டும் கதைக்காமல் அவரோட நிலத்தில இருந்தவை, அதுமட்டும் நல்லாத்தான் இருந்தது, வாயைத் திறந்த உடனதான் கெடுத்தவை. எங்கட செத்தவீடுகளிலயும் "கடவுள் நல்ல பூவைத்தான் முதல்ல பிடுங்குவார்" எண்டு பிள்ளையைப் பறிகுடுத்த தாயிட்டச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், அவைக்கு ஒரு கதிரையைக் குடுத்துத் தூர இருத்தவேணும். நீங்கள் ஒரு சாப்பாட்டுப் பார்சலோட போய், பாத்திரம் கழுவிக் குடுத்திட்டு வாங்கோ.

காசு கேக்கிற இடம்

சுருக்கமாச் சொல்லுறன். "இவ்வளவு காணிக்கை வச்சா இத்தினை நாளில கடன் தீரும்", "தாலிக்கொடியைக் கழட்டிக் குடுத்தா மகனுக்கு விசா வரும்", "எங்கட சபையை விட்டா சாபம்", இந்த மூண்டில எதைக் கேட்டாலும் எழும்பி வந்திடுங்கோ. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில மாட்டின பொம்பிளையள் எங்கட ஊருகளில எவ்வளவு பேர், அவையிட்ட இருக்கிற கடைசி நகையையும் ஆண்டவற்ற பேரால வாங்கிறவனுக்கு நான் வேற பேர் வச்சிருக்கிறன், இதில எழுத ஏலாது. அதே நேரம் கோயிலில சகாய நிதி, கத்தோலிக்கக் கோயில்களில வின்சன்ட் டி போல் சபை மாதிரி உதவுற ஆக்கள் இருக்கினம். தேவையெண்டா வெக்கப்படாமல் கேளுங்கோ, வாங்கிறதும் விசுவாசம்தான்.

வீட்டில சொல்லுறது, ஞானஸ்நானம்

சைவ வீட்டில இருந்து வாற ஆக்களுக்கு இதுதான் பெரிய இடி. ரெண்டாம் கிழமையே சாமிப் படத்தைக் கழட்டுறன், அம்மா தந்த விபூதியைத் தட்டிவிடுறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ. அந்த அம்மா விரதம் பிடிச்சு வளத்த பிள்ளைதான் நீங்கள். "கோயிலுக்குப் போட்டு வாறன், மனசுக்கு ஆறுதலா இருக்கு" எண்டு சொன்னாக் காணும், மிச்சத்தை உங்கட நடப்பில அவையே பாக்கட்டும். முந்தி விடியப் பத்து மணிக்கு எழும்பினவன் ஆறுக்கு எழும்பி முத்தம் கூட்டினா வீட்டில கேள்வி தானா வரும். சொந்தக்காரற்ற செத்தவீடு, அந்தியேட்டி எல்லாத்துக்கும் போங்கோ, சமையலுக்கு உதவுங்கோ, எதில கலந்துகொள்ளுறது எதில தள்ளி நிக்கிறது எண்டதை உங்கட போதகரோட இருந்து கதைச்சு முடிவெடுங்கோ.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில, வயசு வந்த ஆக்களெண்டா, கனமாசம் படிப்பிச்சு, வழமையா உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் இரவுத் திருவிழிப்பிலதான் குடுப்பினம். சீஎஸ்ஐயிலயும் மெதடிஸ்தத்திலயும் ஆயத்த வகுப்பு வைப்பினம். அந்தக் காலத்தில கேள்வியெல்லாம் கேளுங்கோ, நவாலியைப் பற்றியும் கேளுங்கோ, கேள்விக்குக் கோவிக்கிற போதகரெண்டா வேற ஆளைப் பாருங்கோ. வந்து மூண்டாம் ஞாயிறே "அடுத்த கிழமை தண்ணியில இறங்குவம், திகதி வைப்பமோ" எண்டு ஆராவது அவசரப்படுத்தினா, வீட்டில கேட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.